வாங்கிய தண்ணீர் பாட்டிலை மறுபடி நிரப்பிக் குடிக்கலாமா?

ஒரு தாய் கேட்டிருக்கும் கேள்வி இது. கடையில் வாங்கும் ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கிப் போட மனம் வராமல், வீட்டில் நிரப்பி ஃப்ரிட்ஜில் அடுக்கி வைக்கிறார். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகனுக்கும் அதில்தான் பள்ளிக்குத் தண்ணீர் போகிறது. மாமியார் சீரகம் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைச் சூடு ஆறும் முன்பே அதில் ஊற்றி வைக்கிறார். "பாட்டிலின் அடியில் 1 என்று போட்டிருந்தால் ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டும், மீறினால் கேன்சர் வரும்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்ததிலிருந்து அந்தத் தாய்க்கு நிம்மதி இல்லை. இது உண்மையா, உண்மையில்லை என்றால் ஒரு பாட்டிலை எத்தனை நாள் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்கிறார்.

நான் 22 ஆண்டுகள் குடிநீர் ஆய்வகத்தில் வேலை பார்த்தவன். வேதியியல் மேசையிலும் கிருமி மேசையிலும் மாறி மாறி இருந்திருக்கிறேன். இந்தக் கேள்வியை உறவினர் வீட்டு விசேஷங்களில்கூட என்னிடம் கேட்பார்கள். முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன், அம்மா: நல்ல தண்ணீரை, சூடில்லாமல், கழுவிக் காயவைத்த பாட்டிலில் ஊற்றிச் சில நாட்கள் குடிப்பதால் கேன்சர் வரும் என்பதற்கு ஆதாரம் இல்லை. உங்கள் மகனுக்கு அந்தப் பாட்டிலால் ஏதாவது வருமென்றால் பெரும்பாலும் வயிற்றுப்போக்காகத்தான் வரும். அது பிளாஸ்டிக்கிலிருந்து வராது, பாட்டிலின் கழுத்திலிருந்தும் மூடியிலிருந்தும் வரும். இனி விவரமாகப் பார்ப்போம்.

அந்த 1 என்ற எண்ணிலிருந்தே தொடங்கலாம். முக்கோண அம்புக்குறிக்குள் 1 முதல் 7 வரை எண் போடும் வழக்கத்தை அமெரிக்கப் பிளாஸ்டிக் தொழில்துறையினர் 1988ல் கொண்டுவந்தார்கள். பழைய பிளாஸ்டிக்கைத் தரம் பிரிப்பவர், இது எந்த வகை என்று சட்டென்று அறிந்துகொள்வதற்காக வந்த ஏற்பாடு அது. 1 என்றால் பெட், 2 என்றால் கெட்டியான பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 7 என்றால் இவற்றில் எதிலும் சேராத மற்றவை. எத்தனை முறை பயன்படுத்தலாம் என்பதற்கும் அந்த எண்ணுக்கும் தொடர்பே இல்லை. அப்படிப் பார்த்தால் 5 என்று போட்ட டப்பாவை ஐந்தே முறைதான் பயன்படுத்த வேண்டும்.

பெட் என்பது பாலிஎத்திலீன் டெரெப்தாலேட் என்ற நீண்ட பெயரின் சுருக்கம். இந்தப் பெயராலும் ஒரு குழப்பம். ஹார்மோன்களைக் குலைக்கும் என்று பேசப்படும் 'தாலேட்' என்ற ரசாயனங்கள் வேறு. அவை கெட்டியான பிவிசியை வளையவைக்கச் சேர்ப்பவை. பெட் பாட்டிலை வளையவைக்க எதுவும் சேர்க்கத் தேவையில்லை. பெயரின் வால் ஒன்றுபோல ஒலிப்பதால் தாலேட்டின் பழி பெட்டின் மேல் விழுந்துவிட்டது. வாட்ஸ்அப் செய்திக்கும் ஒரு பூர்வீகம் உண்டு. அமெரிக்காவின் ஐடஹோ பல்கலைக்கழகத்தில் 2001 வாக்கில் ஒரு முதுகலை மாணவர் எழுதிய ஆய்வேட்டிலிருந்து ஒரு துண்டு மின்னஞ்சல்களில் ஏறி உலகம் சுற்றியது. அதுதான் இன்று தமிழில் உங்கள் கைப்பேசிக்கு வந்திருக்கிறது. பாட்டிலை ஃப்ரீசரில் வைத்தால் டையாக்ஸின் வரும் என்பது அதன் தம்பி. குளிரவைத்தால் ரசாயனம் வெளியே வருவது குறையுமே தவிர அதிகரிக்காது. டையாக்ஸின் என்பது குப்பையை எரிக்கும்போது உண்டாகும் நஞ்சு. அதனால் பழைய பாட்டிலைத் தெருமுனையில் போட்டுக் கொளுத்துவதைப் பற்றித்தான் கவலைப்பட வேண்டும்.

அப்படியானால் பெட்டிலிருந்து தண்ணீருக்குள் எதுவுமே வருவதில்லையா? வருகிறது. முக்கியமானது ஆன்டிமனி என்ற உலோகம். பெட் தயாரிக்கும்போது வினையூக்கியாக ஆன்டிமனி ஆக்சைடு சேர்ப்பார்கள். அதில் கொஞ்சம் பிளாஸ்டிக்கிலேயே தங்கிவிடும். அரிசோனா பல்கலைக்கழகம் ஒன்றில் 2008ல் ஒன்பது பிராண்டு தண்ணீர் பாட்டில்களை வைத்துச் செய்த ஆய்வு இந்த விஷயத்தில் எனக்குக் கைவிளக்கு மாதிரி. ஒரு கிலோ பிளாஸ்டிக்கில் சுமார் 213 மில்லிகிராம் ஆன்டிமனி இருந்தது. ஆனால் 22 டிகிரி வெப்பத்தில் மூன்று மாதம் வைத்திருந்தும் தண்ணீரில் லிட்டருக்குக் கால் மைக்ரோகிராமைத் தொடவில்லை. நம் நாட்டில் அடைக்கப்பட்ட குடிநீருக்கான ஐ.எஸ். 14543 தரநிலை அனுமதிப்பது 5 மைக்ரோகிராம். அமெரிக்க வரம்பு 6, உலக சுகாதார நிறுவனம் சொல்வது 20.

கதை மாறுவது சூட்டில். அதே ஆய்வில் தண்ணீர் அந்த அமெரிக்க வரம்பைத் தாண்ட எவ்வளவு நாள் பிடிக்கும் என்று கணக்கிட்டார்கள். 60 டிகிரியில் 176 நாள். 65ல் 38 நாள். 70ல் 12 நாள். 80ல் இரண்டு நாளும் கொஞ்சமும். 85ல் 1.3 நாள். ஒவ்வொரு ஐந்து டிகிரிக்கும் நாட்கள் எப்படிச் சரிகின்றன என்று பாருங்கள். 25 டிகிரி ஏறியதில் அரை வருடம் ஒன்றேகால் நாளாகிவிட்டது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒரு மணி நேரத்தில் வெளியைவிட 20 டிகிரிக்கு மேல் ஏறும் என்று இன்னொரு ஆய்வு சொல்கிறது. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் நிறுத்திய காருக்குள் 60ஐத் தாண்டுவது சாதாரணம். காரில் ஒரு மதியம் கிடந்த பாட்டிலைக் குடித்தால் விஷமாகிவிடாது. மாதக்கணக்கில் டிக்கியில் உருளும் பாட்டிலைக் குடிக்க வேண்டாம்.

இதில் இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். ஆன்டிமனி வெளிவருவது சூட்டையும் நாட்களையும் பொறுத்தது. நீங்கள் முதன்முதலில் மூடியைத் திருகித் திறக்கும் அந்தப் 'புதிய' தண்ணீர்தான் அந்தப் பாட்டிலில் அதிக நாள் கிடந்தது. தொழிற்சாலை கிடங்கு, லாரி, கடை வாசலில் வெயில் படும் அடுக்கு என்று வாரக்கணக்கில் இருந்துவிட்டு உங்களிடம் வந்திருக்கிறது. நீங்கள் மறுபடி நிரப்பும் தண்ணீர் ஒரு நாளுக்கு மேல் அதில் நிற்பதில்லை. ரசாயனத்தை மட்டும் கணக்கில் எடுத்தால் முதல் தண்ணீரைவிட இரண்டாம் தண்ணீருக்குத்தான் குறைவாக இறங்கும். இதைச் சொன்னால் நம்ப மாட்டார்கள். ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

உங்கள் மாமியாரின் சீரகத் தண்ணீருக்கு வருகிறேன். அவர் செய்வதில் பாதி மிக நல்ல காரியம். கொதிக்கவைத்த தண்ணீரைவிடக் கிருமிக்குப் பாதுகாப்பு வேறில்லை. தவறு ஊற்றும் பாத்திரத்தில் இருக்கிறது. பெட் சுமார் 75 டிகிரியில் இளகத் தொடங்கும். அடுப்பிலிருந்து இறக்கியதை ஊற்றினால் பாட்டில் ஒரு பக்கமாகச் சுருண்டு, இடுப்பு ஒடுங்கி நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்படிச் சுருங்கிய பாட்டிலை ஒரு தடவைகூட மேற்கொண்டு பயன்படுத்தாதீர்கள். ஒரே ஒரு முறை ஊற்றியதால் ஆன்டிமனி வரம்பைத் தாண்டியிருக்காது, ஏனென்றால் சில மணி நேரத்தில் தண்ணீர் ஆறிவிடும். ஆனால் தினமும் காலையில் இதையே செய்வது வேண்டாத வேலை. எவர்சில்வர் தூக்கிலோ குண்டானிலோ மூடி ஆறவிட்டு, கையால் தொட்டால் வெதுவெதுப்புகூட இல்லை என்ற நிலையில் ஊற்றச் சொல்லுங்கள். அவரிடம் "பிளாஸ்டிக் விஷம் அத்தை" என்று சொல்வதைவிட "பாட்டில் சுருங்குது அத்தை, தூக்கிலேயே ஆறட்டும்" என்று சொன்னால் சட்டென்று கேட்டுக்கொள்வார்.

பிபிஏ பற்றியும் கேட்பீர்கள். பிஸ்பினால்-ஏ என்பதன் சுருக்கம் அது, ஹார்மோன்களைக் குலைக்கும் என்று அஞ்சப்படும் ஒரு ரசாயனம். அது பெட்டில் இல்லை. பாலிகார்பனேட் என்ற கண்ணாடி மாதிரிக் கெட்டியான பிளாஸ்டிக்கில் இருக்கிறது. வீட்டில் அது எங்கே இருக்கும் என்றால், 20 லிட்டர் வாட்டர் கேனில். எல்லாக் கேனும் அப்படி இல்லை. இப்போது பெட் கேன்களும் நிறைய வருகின்றன. அடியைத் திருப்பிப் பாருங்கள், 1 என்றிருந்தால் பெட். 7 என்றோ அதனுடன் பிசி என்றோ இருந்தால் பாலிகார்பனேட். பிபிஏ விஷயம் பெரிதாக வெளிச்சத்துக்கு வந்ததே ஒரு கழுவும் தவறால்தான். 1998ல் அமெரிக்காவின் கிளீவ்லாண்டில் பாட்ரீசியா ஹன்ட் என்ற மரபியல் ஆய்வாளரின் கூடத்தில் எலிகளின் கருமுட்டைகளில் திடீரென்று குரோமோசோம் கோளாறு ஏறியது. வழக்கமாக நூற்றுக்கு ஒன்றிரண்டு இருந்தது நாற்பதுக்குப் போனது. தேடித் தேடிக் கடைசியில் கண்டுபிடித்தது இது: தற்காலிக ஊழியர் ஒருவர் பாலிகார்பனேட் கூண்டுகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் தரை கழுவும் காட்டமான காரச் சோப்பால் கழுவியிருக்கிறார். பிளாஸ்டிக் அரித்து பிபிஏ தண்ணீரில் இறங்கியிருக்கிறது.

2023ல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு அமைப்பு, ஒருவர் தினமும் உட்கொள்ளத்தக்க பிபிஏ அளவை முன்பு வைத்திருந்ததிலிருந்து 20,000 மடங்கு குறைத்தது. ஜெர்மனியின் ஆய்வு நிறுவனம் அவ்வளவு குறைக்கத் தேவையில்லை என்று மறுத்தது. அந்த விவாதம் எப்படி இருந்தாலும், ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பரில் உணவைத் தொடும் பொருட்களில் பிபிஏவுக்குத் தடை கொண்டுவந்துவிட்டது. ஆகவே என் வீட்டில் நான் செய்வது: மொட்டை மாடி வெயிலில் நின்று வெளிறிப்போன கேன், உள்ளே கோடு கோடாகக் கீறல் விழுந்து பனிமூட்டம் மாதிரி ஆகிவிட்ட கேன் வந்தால் வாங்க மாட்டேன், மாற்றித் தரச் சொல்வேன். கேனுக்குள் மண்ணையோ கம்பி நாரையோ போட்டுத் தேய்க்க விடமாட்டேன்.

மைக்ரோபிளாஸ்டிக் பற்றி நேர்மையாகச் சொல்வதென்றால், இது இன்னும் முடியாத கதை. 2018ல் நியூயார்க் மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஃபிரெடோனியா கிளையில், இந்தியா உட்பட 9 நாடுகளில் வாங்கிய 259 பாட்டில்களைச் சோதித்தார்கள். 93 விழுக்காட்டில் நுண்துகள்கள் இருந்தன. 2024 ஜனவரியில் கொலம்பியா பல்கலைக்கழகத்தினர் இன்னும் கூர்மையான கருவியால் பார்த்தபோது லிட்டருக்குச் சராசரியாக 2,40,000 துகள்கள் தெரிந்தன. அவற்றில் பத்தில் ஒன்பது நானோ அளவிலானவை. இவையெல்லாம் திறக்காத புதுப் பாட்டில்கள் என்பதைக் கவனியுங்கள். இந்தத் துகள்கள் உடலில் என்ன செய்கின்றன என்பதில் உறுதியான முடிவுக்கு 2019ல் உலக சுகாதார நிறுவனம் வர முடியவில்லை. மூடியைத் திருகித் திருகித் திறக்கும்போது மரையில் மரை உரசித் துகள் உதிர்கிறது, பாட்டில் பழசாகப் பழசாகத் துகள் கூடுகிறது என்பது மட்டும் பல ஆய்வுகளில் தெரிகிறது. கண்ணாடிக்கு மாறினால் முழுதாகத் தப்பிவிடலாம் என்றும் நினைக்க வேண்டாம். பிரான்சில் 2025ல் வெளியான ஆய்வில் கண்ணாடி பாட்டில் பானங்களில் துகள்கள் கூடுதலாக இருந்தன. உலோக மூடியின் மேல் அடித்த பெயின்ட் உதிர்ந்து விழுந்திருக்கிறது.

இப்போது, எனக்கு மிகவும் அக்கறையான இடத்துக்கு வருகிறேன்.

கனடாவின் கால்கரி நகரில் ஒரு தொடக்கப் பள்ளியில் பிள்ளைகளின் பாட்டில்களிலிருந்து 76 மாதிரிகள் எடுத்துச் சோதித்த ஆய்வு 2002ல் வெளிவந்தது. அங்கே குழாயில் வருவது நல்ல தண்ணீர். அப்படியிருந்தும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு மாதிரிகளில் கிருமி எண்ணிக்கை குடிநீர் வரம்பைத் தாண்டியிருந்தது. சிலவற்றில் மலக்கிருமிகளே இருந்தன. தண்ணீரில் கோளாறில்லை. கழுவாத பாட்டில், கழுவாத கை.

இதை நான் புத்தகத்தில் மட்டும் படிக்கவில்லை. என் தங்கை மகன் மூன்றாம் வகுப்புப் படித்தபோது இரண்டு மாதத்தில் மூன்று முறை வயிற்றுப்போக்கு வந்து சுருண்டுவிட்டான். தங்கை வீட்டில் எல்லாம் சுத்தம், தண்ணீரும் காய்ச்சிய தண்ணீர். நான் கிராமங்களில் தண்ணீர் சோதிக்கப் பயன்படுத்தும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பிகளில் ஐந்தை எடுத்துப் போனேன். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் குப்பி. உள்ளே மருந்து தோய்த்த காகிதப் பட்டை ஒன்று இருக்கும். கோடு வரை தண்ணீர் ஊற்றி மூடி, ஒன்றிரண்டு நாள் வெதுவெதுப்பான இடத்தில் வைத்தால் போதும். தண்ணீர் கறுத்தால் மலத்தோடு தொடர்புள்ள கிருமிகள் இருக்கக்கூடும் என்று பொருள். ஒன்றில் குழாய்த் தண்ணீர், ஒன்றில் காய்ச்சி ஆறிய தண்ணீர், ஒன்றில் காலையில் பாட்டிலில் நிரப்பியவுடன் எடுத்தது, ஒன்றில் சாயங்காலம் அவன் மிச்சம் கொண்டுவந்தது. ஐந்தாவதில், பாட்டில் மூடியைக் கொதித்தாறிய நீரில் ஒரு நிமிடம் அலசி அந்த நீரை ஊற்றினேன்.

மறுநாள் சாயங்காலம் தங்கையைக் கூப்பிட்டு ஜன்னல் திட்டில் வரிசையாக வைத்துக் காட்டினேன். முதல் மூன்றும் வெளிர் மஞ்சளாக அப்படியே இருந்தன. நான்காவது மை ஊற்றினாற்போல் கறுத்திருந்தது. ஐந்தாவது அதைவிடக் கறுப்பு. அந்த மூடியைக் கையில் வாங்கி உட்புறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். மூடிக்குள் மரை ஓடும் பள்ளத்தில் நகத்தால் கீறியபோது பழுப்பு நிறத்தில் வழுவழுப்பாக ஒன்று நகக்கண்ணில் ஒட்டிக்கொண்டு வந்தது. தினமும் பாட்டிலுக்குள் தண்ணீர் ஊற்றிக் குலுக்கிக் கொட்டித்தான் நிரப்பியிருக்கிறாள். மூடியைக் கழுவ வேண்டும் என்று யாரும் அவளுக்குச் சொன்னதில்லை.

அந்த வழுவழுப்பு கிருமிகள் கூட்டாகக் கட்டிக்கொள்ளும் கோட்டை. வெறும் தண்ணீரில் குலுக்கினால் அசையாது. வாய் வைத்துக் குடிக்கும்போது எச்சிலும் சோற்றுப் பருக்கையின் துணுக்கும் திரும்ப உள்ளே போகின்றன. கிருமிக்கு அதுவே விருந்து. நம் பாட்டிகள் "வாய் வைக்காதே, அண்ணாந்து குடி" என்று அதட்டியது எச்சில் பார்க்கும் பழக்கம் என்று பலர் நினைக்கிறார்கள். பாட்டில் சுத்தத்துக்கு அதைவிட நல்ல வழக்கத்தை என் வேலையில் நான் பார்த்ததில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு அண்ணாந்து குடிக்கப் பழக்குங்கள். புரையேறும் வயது என்றால் ஒரு சின்ன எவர்சில்வர் தம்ளரைப் பையில் போட்டுவிடுங்கள்.

இன்னொன்று பலருக்கும் தெரியாது. மாநகராட்சிக் குழாய்த் தண்ணீரில் குளோரின் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஐ.எஸ். 10500 தரநிலைப்படி லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் இருக்க வேண்டும். பிற்பாடு விழும் கிருமியை அது ஓரளவு அடக்கும். ஆர்.ஓ. தண்ணீரிலும் காய்ச்சிய தண்ணீரிலும் அந்தக் குளோரின் இருக்காது. ஊற்றும்போது தண்ணீர் சுத்தம்தான், ஆனால் காவலில்லாத சுத்தம். அழுக்குப் பாட்டிலில் ஊற்றினால் அதில்தான் கிருமி தடையில்லாமல் பெருகும். "நாங்கள் ஆர்.ஓ. தண்ணீர்தான் குடிக்கிறோம், பிறகு எப்படி?" என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

கழுவும் முறையைச் சொல்லிவிடுகிறேன். தினமும் சாயங்காலம் மிச்சத் தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிடுங்கள். அதன் மேலேயே நிரப்பாதீர்கள். பாத்திரம் கழுவும் சோப்பு இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், நீளக் கைப்பிடி வைத்த பாட்டில் பிரஷ். கல்லுப்பும் அரிசியும் போட்டுக் குலுக்கும் பழக்கம் நம்மிடம் உண்டு. அடிப்பாகத்தில் படிந்ததைக் கிளப்ப அது உதவும், ஆனால் கழுத்துக்கும் மரைக்கும் எட்டாது. அதற்குப் பழைய பல் தேய்க்கும் பிரஷ் ஒன்றை ஒதுக்கி வையுங்கள். மூடிக்குள் ரப்பர் வளையமோ உறிஞ்சு குழாயோ இருந்தால் பிரித்துக் கழுவ வேண்டும். கழுவியபின் மூடியைப் போடாமல் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிடுங்கள். இரண்டு பாட்டில் வைத்துக்கொண்டு ஒருநாள் விட்டு ஒருநாள் மாற்றினால் நன்றாகக் காய நேரம் கிடைக்கும். முழுதாகக் காய்ந்த பிளாஸ்டிக்கில் கிருமி பெருக முடியாது. மோர், ரோஸ்மில்க், குளுகோஸ் தண்ணீர், பழச்சாறு ஊற்றிய பாட்டிலை அன்றைக்கே கழுவாவிட்டால் மறுநாள் அதில் தண்ணீர் கொடுத்துவிடாதீர்கள்.

இவ்வளவு சொல்லிவிட்டு, இதே பெட் பாட்டில் நம் ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றிய கதையையும் சொல்லாமல் விட முடியாது. தெளிந்த தண்ணீரைப் பெட் பாட்டிலில் நிரப்பி முழு வெயிலில் ஆறு மணி நேரம் படுக்கவைத்தால், மேகமூட்டம் என்றால் இரண்டு நாள் வைத்தால், சூரியனின் புற ஊதாக் கதிர் கிருமிகளைக் கொல்கிறது. லெபனானின் பெய்ரூத்தில் அஃப்திம் அக்ரா என்ற பேராசிரியர் 1980 வாக்கில் தொடங்கிவைத்த முறை இது. பிறகு சுவிட்சர்லாந்தின் நீர் ஆய்வு நிறுவனம் உலகெங்கும் பரப்பியது. வேலூரில் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் ஒரு குடிசைப் பகுதியில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளிடம் இதைச் சோதித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். வெயிலில் வைத்த தண்ணீர் குடித்த பிள்ளைகளுக்கு வருடத்துக்குச் சராசரி 1.7 தடவை வயிற்றுப்போக்கு, மற்றவர்களுக்கு 2.7. முதல் கூட்டத்தில் பெரும்பாலான பிள்ளைகள் இடையிடையே வேறு தண்ணீரும் குடித்திருக்கிறார்கள், அப்படியிருந்தும் இந்த வித்தியாசம். வெயிலில் வைத்த பெட் பாட்டிலிலிருந்து கெடுதலான ரசாயனம் இறங்குகிறதா என்றும் சுவிட்சர்லாந்தில் தனியாகச் சோதித்தார்கள். கடையில் விற்கும் பாட்டில் தண்ணீரில் இருக்கும் அளவுதான் இருந்தது, குடிநீர் வரம்புக்கு வெகு கீழே. பிளாஸ்டிக்கின் மேல் உங்களுக்கு இருக்கும் பயத்தை அளந்து பார்க்க இந்த வேலூர் கணக்கு உதவும்.

அடுத்து சொல்வதை உங்கள் வீட்டில் எல்லோரும் கேட்கும்படி வாசித்துக் காட்டுங்கள். தண்ணீர் பாட்டிலில் தண்ணீரைத் தவிர வேறெதையும், ஒரே ஒரு நாளுக்குக்கூட, ஊற்றி வைக்காதீர்கள். பினாயில், கழிப்பறை ஆசிட், பெயின்ட் தின்னர், மண்ணெண்ணெய், வண்டிக்கு வாங்கிய பெட்ரோல், பூச்சிமருந்து. சில்லறையாக வாங்கும்போது கடைக்காரர் கையில் கிடைத்த தண்ணீர் பாட்டிலில்தான் ஊற்றித் தருகிறார். நாமும் அப்படியே கொண்டுவந்து சிங்குக்கு அடியில் வைக்கிறோம். தின்னரும் ஆசிட்டும் பார்வைக்குத் தண்ணீர் மாதிரியே இருக்கும். விளையாடிவிட்டு மூச்சிரைக்க ஓடி வரும் பிள்ளை லேபிளைப் படிக்காது. எங்கள் தெருவில் வெள்ளையடிக்க வந்தவர்கள் திண்ணையில் வைத்துவிட்டுப் போன தின்னரை நான்கு வயதுக் குழந்தை ஒரு மடக்கு குடித்துவிட்டது. இருமல் நிற்கவேயில்லை. தின்னர் நுரையீரலுக்குள் போய்விட்டது. குழந்தை ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தது. தாய் பதற்றத்தில் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைத்ததுதான் நிலைமையை மோசமாக்கியது என்று மருத்துவர் சொன்னார். அப்படி நேர்ந்தால் வாந்தி எடுக்கவைக்காதீர்கள். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு 108க்கு அழைத்து மருத்துவமனைக்குப் போங்கள்.

இப்படி ஒருமுறை ஊற்றிய பாட்டிலைக் கழுவித் தண்ணீருக்குத் திருப்பக் கூடாது. பெட் அந்த மாதிரி ரசாயனங்களைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொண்டு பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீரில் விடும். ஜெர்மனியில் பெட் பாட்டிலையே 25 முறை வரை திரும்ப நிரப்பி விற்கிறார்கள். அதற்கென்று கனமான சுவரோடு வார்த்த பாட்டில்கள் அவை. திரும்பி வரும் ஒவ்வொரு பாட்டிலிலும் பெட்ரோல், ரசாயன வாடை ஏதும் இருக்கிறதா என்று முகர்ந்து பார்க்கும் கருவிகளை வைத்துக் கழித்துவிடுகிறார்கள். நம் கடைப் பாட்டில் அவ்வளவு முறைக்குத் தாங்கும்படி செய்ததில்லை. கையில் பிடித்தாலே நெளியும் மெல்லிய உடம்பு.

உங்கள் கடைசிக் கேள்வி, எத்தனை நாள். யாராவது துல்லியமாக ஒரு எண் சொன்னால் நம்பாதீர்கள். நான் என் வீட்டில் பின்பற்றுவதைச் சொல்கிறேன். நெடுஞ்சாலைப் பயணத்தில் வாங்கிய பாட்டிலைப் பயணம் முடியும்வரை, அதிகபட்சம் ஒரு வாரம் வைத்துக்கொள்வோம். ஃப்ரிட்ஜில் இருப்பதைக் கழுவிக் கழுவி ஒரு மாதம் வரை. நடுவில் மடிந்த வெள்ளைக் கோடு விழுந்தாலோ, உட்புறம் மங்கினாலோ, கழுவிய பின்னும் முகர்ந்தால் பாசி வாடை அடித்தாலோ, அன்றே போய்விடும். ரயிலிலும் பேருந்து நிலையத்திலும் கிடக்கும் பாட்டிலை எடுத்து நிரப்புவதில்லை. உங்கள் மகனுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் வேண்டாம். வாய் அகலமான, கை நுழைந்து கழுவ முடிகிற எவர்சில்வர் பாட்டில் ஒன்று வாங்கிவிடுங்கள். ஒருமுறை செலவு, வருடக்கணக்கில் உழைக்கும், கொதிநீர் ஊற்றியும் கழுவலாம். உறிஞ்சு குழாய், பட்டன், பொம்மைத் தலை வைத்த மூடி வேண்டாம். அழகாக இருக்கும், கழுவ முடியாது.

கழிக்கும் பாட்டிலை அப்படியே குப்பையில் போடாமல், நடுவில் மிதித்து நசுக்கி, பழைய சாமான் எடுப்பவரிடம் கொடுங்கள். முழு உருவில் கிடைக்கும் பாட்டிலை எடுத்துக் குழாய்த் தண்ணீர் நிரப்பிப் புதியது போல விற்பவர்கள் இருக்கிறார்கள். "பயன்படுத்திய பின் நசுக்கவும்" என்று லேபிளில் அச்சடிப்பது அதற்காகத்தான். நீங்கள் கடையில் வாங்கும்போதும் மூடியைத் திருகியதும் வளையம் 'டக்'கென்று அறுபடுகிறதா என்று பாருங்கள். அறுபடாமல் சும்மா சுழன்றால் அந்தப் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.